ஒரு ஜெராக்ஸுக்காக 40 நாள்

ராஜஸ்தானில் அஜ்மீரை ஒட்டியுள்ள பியாவர், வியாபாரத்தால் வாழும் ஊர். 1996 ஏப்ரல் 6-ம் தேதி, சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் அங்கே வந்து தர்ணாவில் உட்கார்ந்தார்கள். தங்கள் பஞ்சாயத்தில் செலவானதாகச் சொல்லப்படும் பணத்துக்கு பில், வவுச்சர், மஸ்டர் ரோல் (கூலி வேலைக்கு வந்தவர்களின் பதிவேடு) ஆகியவற்றின் நகல் வேண்டும் என்றார்கள். அந்த நகலைத் தருவதாக ஒரு வருடம் முன்பே முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்.

தர்ணா தொடங்கிய வேளையில் ஓர் அரசாணை வந்தது. கட்டணம் செலுத்தி ஆவணங்களைப் பார்வையிடலாம். ஜெராக்ஸ் எடுக்க அனுமதி இல்லை.

கூட்டம் கலையவில்லை. பார்த்துவிட்டு வந்தவரிடம் என்ன இருக்கும்? எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் ஒருவர், அலுவலக மேஜையில் விரித்துக் காட்டப்பட்ட பேரேட்டை நினைவில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் வாதாடுவார்? நகல் கையில் இருந்தால் அதை ஊர் நடுவில் வைத்து வாசிக்கலாம், பத்திரிகைக்குக் கொடுக்கலாம், கோர்ட்டில் தாக்கல் செய்யலாம். அரசுக்கும் அது தெரியும். அதனால்தான் அந்தக் காகிதத்துக்கு இவ்வளவு பயம். தர்ணா 40 நாள் நீடித்தது. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. பியாவர் கடைத்தெருவில் காய்கறி விற்பவர்கள் காய்கறி கொடுத்தார்கள். டெல்லியிலிருந்து குல்தீப் நய்யார், நிகில் சக்ரவர்த்தி, 'ஜன்சத்தா'வின் பிரபாஷ் ஜோஷி போன்ற மூத்த பத்திரிகையாளர்கள் தேடி வந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் 53 நாள் தர்ணா நடந்தது. அதன் முடிவில்தான் ஒரு செய்தி வெளியே வந்தது. பஞ்சாயத்து ஆவணங்களுக்கு நகல் வழங்கலாம் என்ற அறிவிக்கை சில மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகியிருந்ததாம். தகவல் கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தத் தகவலை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த ஜெராக்ஸ் கோரிக்கைதான் வளர்ந்து, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமானது. இந்தியாவில் மனித உரிமைக்குக் காவலாக நிற்கும் சட்டங்களின் பிறப்புக் கதையைத் துருவினால், பெரும்பாலும் இப்படி ஒரு தர்ணாவோ கடிதமோ கேமராவோ தட்டுப்படும். நாடாளுமன்றம் கடைசிப் படிக்கட்டு. அதற்கு முந்தைய படிகளை யாரோ சில குடிமக்கள் செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது இன்றைக்கு மிக அவசியம். ஏனென்றால் இந்த நாட்டுக்கு வந்தே ஆகவேண்டிய ஒரு சட்டம் கால் நூற்றாண்டைத் தாண்டியும் வாசலிலேயே நிற்கிறது.

ஊர் நடுவில் ஒரு பேரேடு

பியாவரில் உட்கார்ந்தவர்களைத் திரட்டியது மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன். 1990 மே 1 அன்று ராஜ்சமந்த் மாவட்டத்தின் பீம் என்ற ஊரில் பிறந்த அமைப்பு. அதைத் தொடங்கிய மூவரில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர். 1968-ல் ஐ.ஏ.எஸ். ஆகி, சில ஆண்டுகளிலேயே வேலையை விட்டுவிட்டு வந்தவர். நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் 1987-ல் தேவ்துங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். தகவல் உரிமை என்ற பேச்சோடு அவர்கள் அங்கே போகவில்லை. பஞ்சத்துக்கான நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், 'நீ அவ்வளவு வேலை செய்யவில்லை என்று பதிவேட்டில் இருக்கிறது' என்றார்கள். அப்படியானால் பதிவேட்டைக் காட்டு என்றார்கள் தொழிலாளர்கள். அது ரகசியம் என்றது அலுவலகம்.

1994 டிசம்பர் 2-ம் தேதி கோட்கிரானா கிராமத்தில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை நடந்தது. எப்படியோ கிடைத்த மஸ்டர் ரோலை மைக்கில் வாசித்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க, அந்தப் பெயருக்குரியவர்கள் கூட்டத்திலிருந்து எழுந்து, 'நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே' என்றார்கள். கட்டி முடித்ததாகக் கணக்கெழுதிய கட்டடத்துக்குக் கூரையே இல்லை என்று ஊர்க்காரர்கள் சாட்சி சொன்னார்கள். யாரோ ஒருவரின் புகாராக இருந்தது, அன்றைக்கு ஊரறிந்த உண்மையானது.

பத்து ரூபாய் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறோம், எங்கள் பேரில் கோடி கோடியாகச் செலவு செய்கிற அரசாங்கத்திடம் கேட்கக் கூடாதா? இந்த இயக்கத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்துப் பெண் டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் இந்தப் பொருளில் பேசினார். நாலாம் வகுப்பு வரை படித்த அவர் சொன்னதைவிடத் தெளிவாக இந்தச் சட்டத்தை எந்தச் சட்ட வல்லுநரும் விளக்கியதில்லை. உரிமைப் பிரசாரத்தில் இது முதல் பாடம். மனித உரிமை என்ற பெரிய சொல்லைச் சாப்பாடு, கூலி, கணக்கு என்ற சின்னச் சொற்களில் சொல்லத் தெரியவேண்டும்.

இரண்டாவது பாடம், சட்டத்தைத் தாங்களே எழுதியது. 1996-ல் மக்கள் தகவல் உரிமைக்கான தேசியப் பிரசாரக் குழு அமைந்தது. நீதிபதி பி.பி.சாவந்த் தலைமையில் இருந்த இந்தியப் பத்திரிகை மன்றம், அந்த இயக்கத்தாரோடு கூடி ஒரு வரைவைத் தயாரித்தது. தெருவில் நிற்பவர்களின் கையில் ஒரு வரைவு இருந்தால் அரசின் நிலைமையே வேறு. 'பரிசீலிக்கிறோம்' என்று சொல்லித் தப்ப முடியாது. எந்தப் பிரிவை ஏற்கிறாய், எதை மறுக்கிறாய் என்று கேள்வி வரும்.

இங்கே தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1997-ல், இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் இதுதான். ஆனால் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தால் கொடுப்பதைவிட மறுப்பதற்கான காரணங்களே மிகுதி. விதிவிலக்குகளின் நீண்ட பட்டியல் அதை முடக்கிப் போட்டது. மத்திய அரசு 2002-ல் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டத்தின் கதி இன்னும் மோசம். நடைமுறைக்கு வரும் நாளை அறிவிக்காமலே கிடப்பில் போட்டார்கள். பெயரளவில் ஒரு சட்டம் வந்துவிட்டது என்று இயக்கத்தார் அன்று வீட்டுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 2004 தேர்தலுக்குப் பின் ஆட்சி மாறியதும், புதிய அரசின் பொதுச் செயல்திட்டத்தில் தகவல் உரிமைச் சட்டத்தை வாக்குறுதியாக ஏற வைத்தார்கள். முதலில் மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும் என்று வந்த மசோதாவை, மாநிலங்களுக்கும் சேர்த்து விரிக்க வைத்தார்கள். 2005 அக்டோபர் 12-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பியாவரில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒன்பதரை ஆண்டுகள்.

ஒரு சொல்லில் ஒளிந்த ஆபத்து

மசோதாவை வரிக்கு வரி படிக்கும் ஆட்கள் எந்த இயக்கத்துக்கும் வேண்டும். 2002-ல் குடும்ப வன்முறைக்கு எதிராக மத்திய அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. நல்ல செய்திதானே என்று விட்டிருக்கலாம். பெண்கள் அமைப்புகள் விடவில்லை. 'வழக்கமாக' அடித்தால்தான் வன்முறை என்று அதில் ஒரு சொல் இருந்தது. அப்படியானால் எத்தனை அடி விழுந்த பிறகு அது வழக்கமாகும்? தன்னையோ தன் சொத்தையோ காத்துக்கொள்ள ஒருவர் நியாயமாகச் செய்த செயல் வன்முறை ஆகாது என்று இன்னொரு வாசகம். அடித்தவன் எல்லாருமே நுழைந்து வெளியேறக்கூடிய வாசல் அது.

வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் வழிநடத்திய 'லாயர்ஸ் கலெக்டிவ்' மாற்று வரைவு ஒன்றை எழுதியது. பெண்கள் அமைப்புகள் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் மனு கொடுத்தன, நேரில் போய் வாதாடின. 2005-ல் வந்த சட்டத்தில் அந்த இரண்டு வாசகங்களும் இல்லை. அடி, உதை மட்டுமல்ல, திட்டுவதும், கையில் காசில்லாமல் வைத்திருப்பதும் வன்முறை என்றது அந்தச் சட்டம். குடியிருக்கும் வீட்டை விட்டுத் துரத்த முடியாத உரிமையையும் தந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் பாதுகாப்பு உத்தரவுக்காக மனுவோடு நிற்கும் பெண்ணுக்கு, அந்த ஒற்றைச் சொல்லை எதிர்த்துச் சண்டை போட்டவர்களைத் தெரியாது. தெரியாமல் போனாலும் பரவாயில்லை. அந்தச் சொல் இல்லாததால் அவளுடைய மனு நிற்கிறது.

இல்லை என்றார்கள், படம் காட்டினார்கள்

மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான போராட்டம் வேறு மாதிரியான தடையைச் சந்தித்தது. அரசு எதிர்க்கவில்லை, அப்படி ஒன்று நடப்பதே இல்லை என்றது.

கோலார் தங்கவயலில், மலம் அள்ளிய குடும்பத்தில் 1966-ல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். உலர் கழிப்பறைகளைத் தடைசெய்யும் சட்டம் 1993-லேயே வந்துவிட்டது. ஆனால் கழிப்பறைகளும் இருந்தன, வாளியும் இருந்தது, அள்ளும் கைகளும் இருந்தன. வில்சன், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர்.சங்கரன் போன்றோர் கட்டியெழுப்பிய சஃபாய் கர்மசாரி அந்தோலன் 2003-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்கோடு போனது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, எங்களிடம் அந்தத் தொழில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. அமைப்பின் தொண்டர்கள் தெருத்தெருவாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். எந்த ஊர், எந்தக் கழிப்பறை, யார் அள்ளுகிறார் என்று படத்தோடு எடுத்துவந்து நீதிமன்றத்தில் வைத்தார்கள். படத்தில் இருப்பதை இல்லை என்று எந்தத் தலைமைச் செயலாளர் சொல்வார்?

2013-ல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27-ல், தலைமை நீதிபதியாக இருந்த பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. 1993 முதல் பாதாளச் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும் விஷவாயு தாக்கி இறப்பவர்களின் செய்தி நின்றபாடில்லை. அந்தக் கணக்கெடுப்பு இல்லாதிருந்தால் அந்தச் சாவுகளுக்குப் பெயர்கூட இருந்திருக்காது.

கோர்ட் வரும் தூரம்

1986 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவர் டி.கே.பாசு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். லாக்கப் மரணங்கள் பற்றி வந்த பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து அதனுடன் இணைத்திருந்தார். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். பத்தாண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18-ல் வந்த தீர்ப்பில் 11 கட்டளைகள் இருந்தன. கைது செய்யும் போலீஸார் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைது குறிப்பாணையில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்... இவற்றின் முக்கியப் பகுதிகள் பிற்பாடு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறின. தபால் தலை ஒட்டிய ஒரு கடிதம் போன தூரம் அது.

வேலையிடத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பு வந்ததும் இதே போலத்தான். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன ஓர் அரசுத் திட்டப் பணியாளர் 1992-ல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. சட்டமே இல்லாத நிலையில், இந்தியா ஒப்புக்கொண்ட சர்வதேச உடன்படிக்கையை வைத்து 1997-ல் நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவை நாடாளுமன்றச் சட்டமாக மாற 2013 ஆயிற்று. 16 ஆண்டுகள்.

ஆனால் கோர்ட் எல்லா இடத்துக்கும் வராது. அதைச் சொல்லும் வழக்கும் இருக்கிறது. அந்த வழக்கு, வாசலில் நிற்கும் சட்டத்தைப் பற்றியது.

மாவுக்கட்டும் கைதட்டலும்

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது 1997 அக்டோபர் 14 அன்று. கையெழுத்து போட்டால் போதாது. உள்நாட்டில் சட்டம் இயற்றி அதை உறுதிசெய்ய வேண்டும். 170-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுதிசெய்துவிட்டன. இலங்கையில் 1994-லும் வங்கதேசத்தில் 2013-லும் பாகிஸ்தானில் 2022-லும் சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. இந்தியா இன்னும் உறுதிசெய்யவில்லை.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2010 மே 6-ம் தேதி மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்றெல்லாம் ஓட்டைகள் நிறைந்த மசோதா. மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. அஸ்வனி குமார் தலைமையிலான குழு அந்த ஆண்டே திருத்தங்களோடு அறிக்கை தந்தது. பிறகு அது எழவே இல்லை. 2014-ல் மக்களவைக் காலம் முடிந்ததும் காலாவதியானது. அதே அஸ்வனி குமார் 2016-ல் உச்ச நீதிமன்றம் போனார். மத்திய அரசு விஷயத்தைச் சட்ட ஆணையத்துக்கு அனுப்பியது. 2017 அக்டோபரில் ஆணையம் தன் 273-வது அறிக்கையைத் தந்தது, ஒரு முழு வரைவு மசோதாவையும் சேர்த்து. அப்போதும் அசையவில்லை. மறுபடியும் நீதிமன்றம் போனபோது, 2019 செப்டம்பரில் பதில் வந்தது: சட்டம் இயற்று என்று நாடாளுமன்றத்துக்கு நாங்கள் உத்தரவிட முடியாது.

ஆக, பந்து மக்களிடம்தான் இருக்கிறது.

இருக்கிற சட்டம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது குற்றம் என்று பழைய தண்டனைச் சட்டத்திலேயே பிரிவு இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் காயம் தெரியாமல் செய்யும் கொடுமைக்கு, நாள்கணக்கில் தூங்கவிடாமல் மிரட்டுவதற்கு அதில் பெயரில்லை. போலீஸ்காரர் மேல் வழக்கு நடத்த அரசின் அனுமதி என்ற கவசம் குறுக்கே நிற்கும். அதையும் தாண்டினால், நாலு சுவருக்குள் அடித்ததை அடிபட்டவரே நிரூபிக்க வேண்டும். அங்கே சாட்சி யார்? காவலில் இருந்தவர் உடலில் காயம் இருந்தால், அதை உண்டாக்கியது காவலில் வைத்திருந்தவர்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்றால் அவர் நிரூபிக்கட்டும் என்கிறது சட்ட ஆணையம். 1985-ல், தன் 113-வது அறிக்கையிலேயே இதைச் சொன்னது. 2024 ஜூலை 1-ல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. குற்றவியல் சட்டங்களை முற்றாக மாற்றி எழுதக் கிடைத்த அந்த வாய்ப்பிலும் சித்திரவதை என்ற தனிக் குற்றம் இடம்பெறவில்லை.

இவ்வளவு நியாயம் இருந்தும் பியாவர் போல ஒரு கூட்டம் இதற்கு ஏன் சேரவில்லை?

பதில் கசப்பானது. தகவல் உரிமை விஷயத்தில், திருடப்பட்டது தன் பணம் என்று ஒவ்வொருவரும் உணர்ந்தார்கள். சித்திரவதை விஷயத்தில், அடிவாங்குபவர் 'அவன்' என்று நினைக்கிறோம். திருட்டு வழக்கில் பிடிபட்டவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாகச் செய்தி வந்தால், மாவுக்கட்டுப் போட்ட படத்தைச் சிரித்தபடி பகிர்கிறோம். என்கவுன்ட்டருக்கு ஊரே இனிப்பு கொடுத்த நாட்கள் உண்டு. நம் சினிமா ஹீரோக்கள் லாக்கப்பில் அடித்தே உண்மையை வரவழைக்கிறார்கள். கைதட்டுகிற கூட்டத்தைப் பார்க்கிற அரசியல்வாதி எந்தச் சட்டத்தைக் கொண்டுவருவார்?

சாத்தான்குளம் அந்தக் கைதட்டலை நிறுத்தியது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாக ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நான்கு நாளில் இருவருமே உயிரோடு இல்லை. மகன் ஜூன் 22 அன்றும் தந்தை 23 அன்றும் இறந்தார்கள். மாநிலம் எங்கும் வணிகர்கள் கடையடைத்தார்கள். ஏனென்றால் இந்த முறை அது 'அவன்' இல்லை, பக்கத்துக் கடைக்காரர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், காவல் நிலைய கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாகப் பதிவுசெய்தார். அந்த நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சியம் சொன்னார். அந்தத் துணிச்சலுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுக்கும் பிரிவும் சட்ட ஆணையத்தின் வரைவில் இருக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தார். மறுபடியும் அதிர்ச்சி, மறுபடியும் இழப்பீடு, மறுபடியும் சி.பி.ஐ. ஒவ்வொரு சாவையும் தனித்தனி வழக்காகவே நடத்தி முடிக்கிறோம். சட்டக் கோரிக்கையாக அது திரளுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது. மதுரையைச் சேர்ந்த மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இந்தச் சட்டத்துக்குக் குரல் கொடுக்கின்றன. கூட்டம்தான் இன்னும் கூடவில்லை.

எங்கிருந்து பிடிப்பது?

ஆவணத்திலிருந்து. பியாவர்காரர்கள் சொல்லித் தந்தது அதுதான். காவல் நிலையங்களின் எல்லா முக்கிய இடங்களிலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவுகளை 18 மாதம், வசதியில்லாத இடங்களில் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கவும் சொன்னது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் எத்தனை கேமரா, எத்தனை வேலை செய்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத் தாளில் இந்த மூன்று கேள்வியையும் யாரும் கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்தான் கெடு. தகவல் தரத் தேவையில்லை என்று விலக்குப் பெற்ற உளவு, பாதுகாப்பு அமைப்புகள்கூட மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் முழுதாக ஒளிந்துகொள்ள முடியாது. அந்தச் சட்டத்தின் 24-வது பிரிவு அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மாவட்டத்தில் எல்லா நிலையங்களுக்கும் இந்த மனு போனால், கிடைக்கும் பதில்களே ஒரு மக்கள் விசாரணைக்குப் போதும்.

அடிபட்டவருக்கு உதவ வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே புகார் எழுதலாம். கட்டணம் கிடையாது. பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவர் அனுப்பலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆணையங்களின் வலிமை குறைவு என்பது உண்மை. ஆனாலும் பதிவாகாத அடி எந்தச் சட்டத்துக்கும் ஆதாரம் ஆகாது.

நாடாளுமன்றத்துக்குள்ளும் குடிமக்களுக்குக் கதவுகள் இருக்கின்றன, தட்டுவோர்தான் குறைவு. இரு அவைகளிலும் மனுக்கள் குழு உண்டு. ஓர் உறுப்பினர் மேலொப்பமிட்டால் மக்களின் மனுவை அவையில் வைக்க முடியும். மசோதாக்களை ஆராயும் நிலைக்குழுக்கள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பதுண்டு. எந்த வரைவுச் சட்டத்தையும் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அதை மீறும்போது கேட்க நமக்கு உரிமை உண்டு.

வெள்ளிக்கிழமை பிற்பகல்கள் தனிநபர் மசோதாக்களுக்கானவை. 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றும் சட்டமானதில்லை என்று கைவிரிப்பவர்கள், திருச்சி சிவா செய்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். திருநர் உரிமைகளுக்கான அவருடைய தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவை அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. அந்த மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அதன் பிறகு மத்திய அரசால் வாளாவிருக்க முடியவில்லை; தானே மசோதா கொண்டுவந்தது, 2019-ல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தில் திருநர் சமூகத்துக்கு நிறைய மனக்குறை உண்டு. எனினும் பூட்டிய கதவைத் திறந்தது ஒரு தனிநபர் மசோதா.

அரசின் காதுக்கு ஏற்ற வாதமும் ஒன்று உண்டு. 1995-ல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் கொட்டப்பட்ட வழக்கில், முக்கியக் குற்றவாளியாகத் தேடப்படும் கிம் டேவியை ஒப்படைக்க டென்மார்க் நீதிமன்றம் 2011-ல் மறுத்தது. இந்தியாவில் அவர் சித்திரவதைக்கு ஆளாகக்கூடும் என்பது காரணம். சட்டம் இல்லாததன் நஷ்டம் லாக்கப்பில் இருக்கும் ஏழைக்கு மட்டுமல்ல, நாட்டின் பாதுகாப்புக்கும்தான் என்பதை எந்த ஆளுங்கட்சி எம்.பி.யும் மறுக்க முடியாது.

வந்த பிறகும் வேலை உண்டு

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இலங்கையின் 1994-ம் ஆண்டுச் சட்டம் சித்திரவதைக்குக் குறைந்தபட்சம் ஏழாண்டு சிறை என்கிறது. ஆனால் அதே நாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நீடித்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க அது வழி திறந்து வைத்தது. வாக்குமூலத்துக்கு விலை இருக்கும் இடத்தில் அடியும் இருக்கும். அதை ஈழத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சித்திரவதைத் தடைச் சட்டம் கேட்பவர்கள், அதைச் செல்லாக் காசாக்கும் பக்கத்துச் சட்டங்களையும் சேர்த்தே கேள்வி கேட்க வேண்டும்.

40 நாள் உட்கார்ந்து விதைத்த தகவல் உரிமைச் சட்டமும் தேய்ந்துகொண்டிருக்கிறது. 2019-ல் ஒரு திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசின் கைக்குள் கொண்டுவந்தது. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லி மறுக்கும் வாய்ப்பை அகலப்படுத்தியது. மஸ்டர் ரோலில் இருப்பதும் ஒரு பெயர்தான். அதைத் தனிப்பட்ட தகவல் என்று மறுத்தால் கோட்கிரானாவில் நடந்த விசாரணை மறுபடி நடக்காது. அன்று தர்ணாவில் உட்கார்ந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இன்று இந்த மாற்றங்களை எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சித்திரவதைத் தடை மசோதாவுக்குப் புதிதாக வரைவு எழுத வேண்டிய அவசியம் இல்லை. சட்ட ஆணையத்தின் 273-வது அறிக்கையோடு அது இணைக்கப்பட்டிருக்கிறது; ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 உறுப்பினர்கள், மாநிலங்களவையில் 18 பேர். வாசகர்களே, அந்த வரைவை ஜெராக்ஸ் எடுங்கள். உங்கள் தெருவில் நாலு பேரின் கையெழுத்தை வாங்கி இணையுங்கள். உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதை அவர் கையில் கொடுத்து, இந்த மசோதாவை ஆதரிப்பீர்களா, மாட்டீர்களா என்று பத்துப் பேர் முன்னால் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.